புற்றுக்காளான்

சங்க இலக்கியத்தில் காளானுக்கு ஆம்பி என்று பெயர். பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய புறநானூற்றுப் பாடலிலும் (164) சிறுபாணாற்றுப்படையிலும் அது வறுமையின் அடையாளமாகவே வருகிறது. நெடுநாள் சமையல் மறந்த அடுக்களையில் முளைப்பது அது. இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிறு முரண் எழும். எங்கள் வீட்டில் காளான் கிடைத்த நாளில்தான் அடுப்பு மணத்தது.

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் என் சிறுவயதில் வயல்களுக்கு நடுவே புற்றுகள் இருந்தன. கோடையில் நல்ல மழை பெய்து ஓய்ந்தால், வெயில் ஏறுமுன் அம்மா என்னை எழுப்பி அழைத்துப் போவாள். புற்றின் மீது கடப்பாரை படக்கூடாது. தண்டைப் பிடித்து மெல்லத் திருகி எடுக்கவேண்டும். "எல்லாத்தயும் புடுங்காதடா, புத்துக்குக் கொஞ்சம் வுடு" என்பாள். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினால் இறைச்சி வாங்க இயலாத மாதக்கடைசி மறந்துபோகும்.

அந்தக் காளான் கரையானின் பயிர் என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன். கரையான்கள் புற்றினுள் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. மழை பெய்ததும் அப்பூஞ்சை வேர்போல் நீண்ட தண்டை விட்டு, மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கிறது. பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் 1942இல் இப்பேரினத்துக்கு டெர்மிட்டோமைசஸ் எனப் பெயரிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் தென்னிந்தியக் காளான் ஒன்றை விவரித்து, அதற்கு ஹைமின் பெயரையே சூட்டினார்.

2023 ஜூன் 19 அன்று பெருமழையால் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அதற்குச் சில நாள் கழித்து என் மகள் கை நிறைய வெண்குடைகளோடு ஓடிவந்தாள். "அப்பா, பாட்டி சொல்ற காளான் இதுதானே?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்பார்வை மங்கிய அம்மாவிடம் கொண்டுபோனேன். அவள் காளானைக் கையில் வாங்கவே இல்லை. "எங்க மொளச்சிருந்தது?" என்று மட்டும் கேட்டாள். மண் கொட்டி மேடாக்கிய காலிமனையில் என்றதும், "தூக்கிப் போடு" என்றாள்.

ஒரு குடையை மட்டும் வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் தாளில் பச்சைத் தூள் படிந்திருந்தது. குளோரோஃபில்லம் என்ற நச்சுக்காளானின் வித்துத்தூள் அந்நிறம் கொண்டது. தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மஞ்சள், வெள்ளிக்காசு என்று ஊரில் சொல்லும் சோதனைகள் எவையும் நச்சைக் காட்டித் தரமாட்டா.

முதுகலை படித்த எனக்கு ஆம்பி என்ற சொல் தெரியும். அம்மாவுக்குப் புற்று தெரியும். மனைக்கற்கள் நட்ட நாளில் அந்தப் புற்றுகளை இடித்துவிட்டார்கள். அவளுடைய அறிவு இப்போது நிற்க இடமின்றி இருக்கிறது. நானோ அதைக் கேட்டுப் பெறத் தவறினேன்.

உங்கள் ஊரில் புற்றும், அதை அறிந்த மூத்தவரும் மிஞ்சியிருந்தால், அடுத்த மழைக்கு மறுநாள் விடியலில் அவரோடு ஒருமுறை போய்வாருங்கள்.