மதியம் ரெண்டு மணிக்கு வாங்க

தேனாம்பேட்டை சிக்னலில், மே மாத மதியம் இரண்டு மணிக்கு உங்கள் கார் என்றைக்காவது நின்றிருக்கிறதா? எனக்கு நின்றிருக்கிறது. 2019-ல், ஒரே மாதத்தில் நான்கு தடவை.

பச்சை விழுந்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பின்னால் அண்ணா சாலை முழுக்க ஹாரன். பஸ் டிரைவர் ஒருவர் தலையை வெளியே நீட்டி என் வம்சாவளி பற்றிச் சில சந்தேகங்கள் கேட்டார். அதற்கு முந்தின வருஷம் மே மாதத்தில்தான் சாலைக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. கீழே ஜனங்கள் ஏ.சி.யில் ஜம்மென்று போய்க்கொண்டிருக்க, மேலே நான் காரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆட்டோக்காரர்கள் கை கொடுத்தார்கள்.

காருக்குள் அப்பா. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சொன்னபடி கேட்காமல் இருந்த சமயம். அடையாறில் பிசியோதெரபி முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இறங்கித் தள்ள முடியவில்லையே என்று அவருக்குச் சங்கடம். "ஸாரிப்பா" என்றார். காரை வாங்கினவன் நான். ஸாரி சொன்னவர் அவர்.

அவருக்காகத்தான் வாங்கினேன். வாரம் மூன்று நாள் ஆட்டோவில் ஏற்றி இறக்குவது அவருக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். 2010 மாடல் சின்ன கார், ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. விற்றவர் நல்ல மனிதராகத்தான் பேசினார். "காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க சார். டிராஃபிக் இருக்காது, நிம்மதியா ஓட்டிப் பார்க்கலாம்." போனேன். பத்து நிமிஷம் ஓட்டினேன். பூ மாதிரி ஓடியது.

நானும் ஒன்றும் தெரியாதவனில்லை. பழைய கார் வாங்குவது பற்றி நாலு பேரிடம் கேட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ம் வருஷத்தின் இருபத்துமூன்றாவது வாரம் தயாரானது என்று அர்த்தம். அதையும் பார்த்தேன். ஆர்.சி. புத்தகம், பெயர் மாற்றும் படிவங்கள் 29, 30, பேங்க் கடன் முடிந்ததற்கான படிவம் 35 எல்லாம் சரி. பி.காம். படித்தவனைக் காகிதத்தில் ஏமாற்ற முடியாது. அவரும் காகிதத்தில் ஏமாற்றவில்லை.

வண்டி நிற்பதில் ஒரு வினோதம் இருந்தது. கால் மணி நேரம் ஓரமாக விட்டால் தானாகவே கிளம்பிவிடும். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் சமர்த்தாக ஓடும். 'டாக்டரைப் பார்த்ததும் ஜுரம் போயிடுச்சு' என்பார்களே, அந்த மாதிரி.

முதல் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கையும் ஃபில்டரையும் மாற்றினார். ஆயிரத்து நூறு. இரண்டாமவர், "பேட்டரி வீக்கா இருக்கு சார்" என்றார். மூவாயிரத்து எண்ணூறு. மூன்றாவது இடம் கொஞ்சம் பெரியது. கம்ப்யூட்டரை வண்டியோடு இணைத்துப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் காட்டவில்லை. காட்டவில்லை என்பதற்காகச் சும்மா விடமுடியுமா? பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். ஆறாயிரத்து நானூறு. ஒவ்வொருவரும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "சரியாயிடுச்சு சார்" என்றார்கள். ஆக மொத்தம் 11,300 ரூபாய். நாலாவது முறை மறுபடி அதே சிக்னல்.

உங்களில் காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றில் போட்டுவிட்டு மேலே போகலாம். தப்பு எங்கே என்று பிறகு தேடிக்கொள்ளலாம். மூன்று மெக்கானிக்குகளும் செய்தது அதைத்தான். பிறகு தேடுவதை மட்டும் யாரும் செய்யவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. காரை விற்றுவிடுவது என்று தீர்மானித்தேன்.

சைதாப்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர் போன் பண்ணினார். சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறவர். மனைவிக்கு ஏழாவது மாதம். "ஆஸ்பத்திரிக்குப் போக வர வேணும் சார், அதான்" என்றார். எப்போது வந்து பார்க்கட்டும் என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க. டிராஃபிக் இருக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியத்தை ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே என்று உறைத்தது.

வந்தார். ஓட்டினார். பூ மாதிரி ஓடியது. திரும்பி வந்து, பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா பிரச்னை எதுவும் இல்லைன்னு எடுத்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், இதே வசனத்தை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன்.

மெர்க்கன்டைல் லா பேப்பர். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. எது மோசடி, எது மோசடி இல்லை என்பதற்கு அதில் ஒரு குதிரைக் கதை உண்டு. ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று அவனுக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. மோசடியா? இல்லை. வாங்குகிறவன்தான் உஷாராக இருக்க வேண்டும். பரீட்சையில் எல்லோரும் இதோடு நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஆனால் கதை இன்னும் இருக்கிறது. வாங்குகிறவள் அவனுடைய மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால்? அப்போது சொல்லியாக வேண்டும். மகளே இல்லை, அந்நியன்தான். ஆனால் அவன், 'நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்கிறான். இவன் மௌனமாக இருக்கிறான். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

குதிரை போய்க் கார் வந்துவிட்டது. மற்றபடி எதுவும் மாறவில்லை.

வாசலில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். எனக்கு மட்டும் அந்த "ஸாரிப்பா" காதில் கேட்டது. நாளைக்கு அதே சிக்னலில் அந்தப் பெண் இவரிடம் அதைச் சொல்லக்கூடும்.

"தம்பி, வண்டி சூடானா நின்னுடுது. நாலு தடவை நின்னாச்சு. ஏன்னு யாருக்கும் தெரியல" என்றேன்.

கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இங்கேயே ஆலையம்மன் கோயில் பக்கத்துச் சந்துல ஒரு பாய் இருக்காரு சார். எங்க டெம்போவை அவர்தான் பார்ப்பாரு. ஒரு தடவை காட்டுங்களேன்." என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்!

பாய்க்கு அறுபது வயசு இருக்கும். பானெட்டைத் திறக்கவே இல்லை. கேள்வி கேட்டார். எப்ப நிக்குது? எவ்வளவு நேரம் ஓடினப்புறம்? நிக்கும்போது குலுங்கி நிக்குதா, சுவிட்ச் போட்ட மாதிரி பட்டுனு நிக்குதா? எவ்வளவு நேரத்துல திரும்பக் கிளம்புது? மூன்று பேருக்கு 11,300 கொடுத்திருந்தேன். ஒருவர்கூட இவற்றைக் கேட்டதில்லை.

"ஓடற வண்டியில வியாதியைப் பார்க்க முடியாது சார். அது நிக்கட்டும்" என்றார். ஏ.சி.யைப் போட்டு, பானெட்டை மூடி, இன்ஜினை ஓடவிட்டுவிட்டு டீ சொன்னார். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். பட்டென்று நின்றது. எனக்கு முதல் தடவையாக வண்டி நின்றதில் சந்தோஷம்.

சாவியைப் போட்டு, பின் சீட்டுப் பக்கம் காதை வைத்தார். பெட்ரோல் பம்ப் முனகியது. பம்ப் வேலை செய்கிறது. ஒரு பிளக்கைக் கழற்றி வெளியே வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பொறி வரவில்லை. இன்ஜின் பக்கம் கையை விட்டு, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சாமானின் மேல் ஈரத்துணியைச் சுற்றினார். இரண்டு நிமிஷம் கழித்து, "இப்ப போடுங்க." கிளம்பிவிட்டது!

கிராங்க் சென்சார். உள்ளே சின்னக் காந்தமும் கம்பிச் சுருளும். இன்ஜின் சுற்றும்போது எதிரே ஒரு பல்சக்கரம் ஓடும். பிஸ்டன் இப்போது எங்கே இருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டருக்கு இதுதான் சேதி சொல்கிறது. சேதி நின்றால் கம்ப்யூட்டர் பொறியை நிறுத்திவிடும். என் வண்டியில் அந்தச் சுருளில் மயிரிழை விரிசல். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிஷ ஓட்டத்தில் தெரியவே தெரியாது.

"சரி, மாத்திடலாமா?" என்றேன். "இருங்க" என்றவர், பக்கத்து சலூனிலிருந்து ஹேர் டிரையர் வாங்கி வந்தார். ஓடும் இன்ஜினில் அந்த சென்சாருக்கு மட்டும் சூடு காட்டினார். மறுபடி நின்றது. "கிளம்ப வைக்கறது பெரிசில்ல சார். நிறுத்தியும் காட்டணும். அப்பதான் கண்டுபிடிச்சதா அர்த்தம்."

புதுப்பேட்டையில் பழசு மலிவாகக் கிடைக்கும், வேண்டாம், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசாக வாங்குங்கள் என்றார். சென்சார் 1,250, கூலி 300. சஸ்பென்ஸ் அக்கவுண்ட் குளோஸ்.

சைதாப்பேட்டைத் தம்பிக்கு போன் செய்து, சரியாகிவிட்டது, வேண்டுமா என்று கேட்டேன். அதற்குள் மாமனார் வேறு வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டாராம். "நல்லதாப் போச்சு சார், அப்பாவுக்கு வெச்சுக்குங்க" என்றார். வைத்துக்கொண்டேன். அப்பா கைத்தடியோடு தானே நடக்கிற வரை அடையாறுக்கு அதில்தான் போய் வந்தோம்.

2023-ல் அதை விற்றேன். மாற்றிய சாமான்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், வீணாக மாற்றியவற்றையும் சேர்த்து. அந்த நோட்டையும் வண்டியோடு கொடுத்தேன்.

வாங்க வந்தவர் போனில் எப்போது வரட்டும் என்று கேட்டார்.

"மதியம் ரெண்டு மணிக்கு வாங்க. முக்கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்க. தேனாம்பேட்டை சிக்னல் வழியா."