‘கோடி’ ஊரில் ஒரு குட்டித் துப்பாக்கி

ஊரின் பெயர் கோடி. மக்கள்தொகை என்னவோ சுமார் 10,000தான்!

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் கிழக்கு வாசலிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். வெந்நீர் ஊற்றுகளையும் காட்டெருமைகளையும் பார்க்கக் கிளம்பும் நம்மூர்க் குடும்பங்கள் ஓர் இரவு தங்கிப்போக வசதியான இடம். கோடைக்காலம் முழுக்க மாலையில் ரோடியோ நடக்கும். குதிரை வித்தைக் காட்சிகளால் உலகப் புகழ்பெற்ற ‘பஃபலோ பில்’ வில்லியம் கோடியின் பெயரில் 1890களில் உருவான ஊர் இது. தன் மகள் ஐர்மாவின் பெயரில் அவர் 1902ல் திறந்த ஓட்டல், கடைவீதியில் இன்றும் நடக்கிறது.

ஊரின் பெரிய ஈர்ப்பு ‘பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட்’. ஒரே கூரைக்கு அடியில் ஐந்து அருங்காட்சியகங்கள். அதில் ஒன்று முழுக்க முழுக்கத் துப்பாக்கிகளுக்கானது. வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது. 2019ல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. தங்க வேலைப்பாடு செய்தவையும் போர்க்களம் கண்டவையும் அதில் உண்டு. ஆனால், உள்ளூர்க்காரர்கள் பலருக்கும் சொந்தக் கதை இருப்பது, அவற்றில் மிகச் சாதாரணமாகத் தெரியும் ஒன்றிடம்தான். அது பாயின்ட் டூ டூ ரைஃபிள்.

என்.சி.சி.யில் சுட்டது ஞாபகம் இருக்கிறதா?

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். தரையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, ஐந்தோ பத்தோ ரவுண்டு சுட்டது இந்த ரகத் தோட்டாவைத்தான். குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். எடை சுமார் இரண்டரை கிராம்.

தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லால் தட்டி வெடித்திருப்பீர்கள் அல்லவா? தோட்டாவும் அப்படித்தான். தட்டினால் பொறி பறக்கும் மருந்து, பெரிய தோட்டாக்களில் பின்பக்கத்தின் நடுவில் இருக்கும். பாயின்ட் டூ டூ தோட்டாவில் அது பின்பக்க விளிம்பின் மடிப்புக்குள் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பில் தட்டும். அதனால்தான் ‘ரிம்ஃபயர்’ என்று பெயர். இன்று உலகெங்கும் புழங்கும் ‘லாங் ரைஃபிள்’ ரகத் தோட்டா 1887ல் வந்தது.

என்.சி.சி.யில் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலை இல்லை. சுட்ட வேகமே போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் போல்ட்டை முன்னுக்குக் கொண்டுவரும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு குண்டுதான். ஆனால், அடுத்தது தயாராகக் காத்திருக்கும்.

இப்படி ஒரு ரிம்ஃபயரை வின்செஸ்டர் 1903லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த மாடலை வைத்துக்கொண்டு அடால்ஃப் டாப்பர்வைன் என்ற குறிபார்ப்பு வித்தகர் 1907ல், காற்றில் வீசிய மரக்கட்டைகளைப் பத்து நாள் தொடர்ந்து சுட்டார். 72,500 கட்டைகளில் அவர் தவறவிட்டது வெறும் 9!

கடையில் கேட்கும் முதல் கேள்வி

வயோமிங்கில் பிள்ளைகளின் முதல் துப்பாக்கி பெரும்பாலும் பாயின்ட் டூ டூதான். உதை குறைவு, சத்தம் குறைவு, தோட்டாவும் மலிவு. உரிமம் பெற்ற கடைகளில் ரைஃபிள் வாங்க மத்தியச் சட்டப்படி 18 வயது ஆகியிருக்க வேண்டும். படிவம் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பும் முடிய வேண்டும். அதனால் பிள்ளைக்கு என்றாலும் வாங்குவது அப்பா அம்மாதான். 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போக வேண்டுமென்றால், பொதுவாக முதலில் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேற வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம்.

நல்ல கடைக்காரர் முதலில் பிராண்டைப் பற்றிப் பேசமாட்டார். “யாருக்கு?” என்றுதான் கேட்பார். செருப்பு வாங்குவது போல, துப்பாக்கியும் ஆளுக்குப் பொருந்த வேண்டும். கட்டையின் அடிப்பாகத்தை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் நுனி வசதியாக விசையை எட்ட வேண்டும். தோளில் வைத்து ஒரு நிமிடம் பிடித்தாலும் முனை தாழ்ந்துவிடக் கூடாது. முதலில் துப்பாக்கியோடு வரும் சாதாரணக் குறிக்காட்டியில் பழகுவது நல்லது. தொலைநோக்கி மாட்டுவதெல்லாம் பிறகு.

இந்த ரகத்தில் இரண்டு பெயர்கள் மிகப் பிரபலம். 1960ல் வந்த மார்லின் மாடல் 60ல் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய். அதில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். தனி மேகசின் தொலையுமே என்ற கவலை இல்லை. 1964ல் வந்த ருகர் 10/22ல் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் சுழல் மேகசின். கழற்றி மாட்டலாம். உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். எடை சுமார் 2.3 கிலோ. பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள், விஷயம் தெரிந்த ஒருவரிடம் குழலின் உட்புறத்தையும் குழல் வாயையும் காட்டிவிட்டு வாங்குவது வழக்கம்.

தோட்டா வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. செமி ஆட்டோமேட்டிக்கின் போல்ட்டைத் தள்ள ஓரளவு வேகம் தேவை. மெதுவான ரகத்தைப் போட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். நாலைந்து ரகங்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, எது அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிறதோ அதையே தொடர்வார்கள்.

மேகசினைக் கழற்றினால் போதாது

இந்த ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி ஆகிவிடாது!

செமி ஆட்டோமேட்டிக்கில் ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாகக் குழலுக்குள் ஏறிவிடுகிறது. மேகசினை எடுத்த பிறகும் அந்த ஒன்று உள்ளேயே இருக்கும். ‘காலிதானே’ என்று நினைத்த துப்பாக்கியால் நேரும் விபத்துகளுக்குப் பின்னால் இந்த ஒற்றைத் தோட்டா இருக்கும். அதனால் வரிசை மாறக் கூடாது. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு போல்ட்டை இழுத்துப் பிடித்து உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும். இருட்டாக இருந்தால் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இன்னொருவர் கையில் கொடுக்கும்போதும் இதைச் செய்ய வேண்டும். வாங்கிக்கொண்டவரும் மறுபடி செய்ய வேண்டும். அவர் செய்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மற்ற விதிகள் என்.சி.சி.யில் கேட்டவைதான். துப்பாக்கியில் தோட்டா இருப்பதாகவே எப்போதும் நினை. வாயை மனிதர் பக்கம் திருப்பாதே. சுடும் நேரம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். இந்தக் குட்டிக் குண்டு ஒன்றரை மைல் வரை போகக்கூடியது என்று தோட்டாப் பெட்டிகளிலேயே எச்சரிக்கை உண்டு.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறந்து பார்க்கக் கூடாது. வாயை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுக்க வேண்டும். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

அடுப்படி போல அன்றாடம் துடைக்கணும்

ரிம்ஃபயர் கொஞ்சம் அழுக்கான ஜாதி. தோட்டாவின் மேல் பூசிய மெழுகு, ஈயத் துகள், எரிந்த மருந்தின் கரி எல்லாம் போல்ட்டைச் சுற்றிப் படியும். செமி ஆட்டோமேட்டிக்கில் புகை பின்பக்கமும் வருவதால் அழுக்கு சீக்கிரம் சேரும். தோட்டா சிக்கினால் முதல் சந்தேகம் அழுக்கின் மேல்தான்.

சுத்தம் செய்யும் முறை எளிது. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, குழல் காலியா என்று மறுபடி பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். போல்ட்டின் முகத்தையும், காலித் தோட்டாவை இழுக்கும் சின்னக் கொக்கியையும் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். குழலுக்குள் துணிக்கயிற்றைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாக இழுப்பார்கள். முன்பக்கமிருந்து இரும்புக் கம்பியைக் குத்தினால் குழல் வாய் தேயும். வாய் தேய்ந்தால் குறி தவறும்.

கடைசியில் துளி எண்ணெய். ‘எண்ணெய் அதிகம் விட்டால் நல்லது’ என்ற கணக்கு இங்கே செல்லாது. அதிக எண்ணெய், தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும். வயோமிங் குளிரில் அது இறுகி, போல்ட்டை மெதுவாக்கும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. ஈயம், அதுவும் குழந்தைகளுக்கு, விஷம்.

பராமரிப்பின் கடைசிப் பாகம் பூட்டு. துப்பாக்கி ஒரு பெட்டகத்தில், தோட்டா இன்னொரு பூட்டில், சாவி பெரியவர்களிடம். பரணில் ஒளித்து வைப்பது பூட்டுவது ஆகாது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலகாரத்தைக் கண்டுபிடிப்பது போல, எந்த ஊர்ப் பிள்ளையும் எதையும் கண்டுபிடித்துவிடும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

அருங்காட்சியகத்தைக் குழந்தைகளோடு நிதானமாகப் பார்க்க ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். யெல்லோஸ்டோன் கிழக்கு வாசல் சாலை பனிக்காலத்தில் கார்களுக்கு மூடப்படும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம்.

முக்கியமான ஒன்று. சுற்றுலா, மாணவர், ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. எனவே நண்பர் ஆசையாக அழைத்தாலும், “ஒரே ஒரு ரவுண்டு” என்று கையில் வாங்கிவிடாதீர்கள். கண்ணாடியும் காதடைப்பானும் போட்டுக்கொண்டு, பின்னால் நின்று பாருங்கள்.

பார்க்கும்போது குறி எவ்வளவு துல்லியம் என்பதைவிட, சுட்டு முடித்ததும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். போல்ட்டை இழுத்து, தலையைச் சாய்த்து, வெறும் குழலை ஒரு முறை உற்றுப் பார்ப்பார்கள். நல்ல பழக்கமுள்ள வீட்டை அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.