நங்கூரம் போடத் தெரிந்தால் போதுமா?

கோடையில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் நன்றாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். செல்ஃபி எடுக்கக் கூட்டம் கூடிவிடும். மீன் பிடிப்பவர்களுக்கோ அது ஓர் எச்சரிக்கை. 1934-ல் அணை எழுந்தபோது மூழ்கிய ஊர்களின் கல்லும் சுவரும் இன்னும் அடியில்தான் இருக்கின்றன. இறக்கிய நங்கூரம் அதில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

கோவை சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய மாமனார். மேட்டூரில் நாற்பது வருடமாகப் பரிசலில் மீன் பிடிப்பவர். மருமகன் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு கயாக் வாங்கி, முறையான அனுமதியும் பெற்று, தூண்டிலோடு வந்து நின்றார். காற்று தள்ளாமல் ஒரே இடத்தில் நிற்க ஒரு நங்கூரமும் வைத்திருந்தார். நான்கு கொக்கிகள் உள்ள, மடக்கக்கூடிய ஒன்றரைக் கிலோ இரும்பு.

மாமனார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ளை, இதை எங்க கட்டப் போறீங்க?"

"உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துலயே ஒரு கொக்கி இருக்குங் மாமா. கைக்கு எட்டும்."

"அங்க கட்டினா கவுந்துருமுங்க."

அவர் சொன்னது சரி. பரிசல் வட்டமானது. எந்தப் பக்கம் இழுத்தாலும் சுழன்று திரும்பிக்கொள்ளும். கயாக் அப்படியல்ல. நீளம் அதிகம், அகலம் இரண்டரை, மூன்று அடிதான். நடுப்பக்கத்தில் கயிறு கட்டினால், காற்றோ நீரோட்டமோ முழு நீளத்தின் மீதும் மோதும். கயிறு அந்த விளிம்பைக் கீழே இழுக்கும். தண்ணீர் உள்ளே ஏறும். கண் இமைக்கும் நேரத்தில் ஆள் தண்ணீரில் இருப்பார். கயிறு மூக்கிலிருந்தோ வாலிலிருந்தோ போனால்தான் படகு காற்றை நேராக எதிர்கொண்டு நிற்கும்.

ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து மூக்குக்குக் கை எட்டாது. எழுந்து நகர்ந்தாலும் ஆபத்து. வெளிநாட்டில் கயாக்கில் மீன் பிடிப்பவர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். மூக்கில் ஒரு சின்னக் கப்பி, வாலில் ஒன்று. இரண்டையும் சுற்றி, துணி காயப்போடும் கொடி போல ஒரு கயிறு. அதில் ஒரு வளையம். நங்கூரக் கயிறு அந்த வளையத்துக்குள் நுழைந்து வரும். கொடிக் கயிற்றை இழுத்தால் வளையம் மூக்குக்குப் போகும். எதிர்ப்பக்கம் இழுத்தால் வாலுக்குப் போகும். உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய வேண்டாம்.

லேத் பட்டறைக்காரருக்கு இது ஒரு நாள் வேலை. கப்பிகளைப் பொருத்தினார். கயிறும் நீளமாக வாங்கினார். ஆழம் 15 அடி என்றால் 75 அடி கயிறாவது விட வேண்டும். செங்குத்தாக இழுத்தால் நங்கூரம் பிடி விட்டுவிடும். சாய்வாக இழுத்தால்தான் கொக்கி மண்ணைக் கவ்வும்.

எல்லாம் முடிந்ததும் மாமனார் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"போட்டாச்சு. கல்லுல மாட்டிக்கிச்சுன்னா?"

மருமகனிடம் பதில் இல்லை. அன்று இரவே முடிச்சை மாற்றினார். கயிற்றை நங்கூரத்தின் மேல் வளையத்தில் கட்டாமல் அடிப்பாகத்தில் கட்டினார். அதைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தில் மெல்லிய பிளாஸ்டிக் டேகால் மட்டும் பிணைத்தார். கொக்கி மாட்டிக்கொண்டால், ஓங்கி இழுக்க டேக் அறுந்துவிடும். இழுவை அடிப்பக்கத்துக்கு மாறி, பெரும்பாலும் நங்கூரம் பின்புறமாகக் கழன்று வரும்.

அப்படியும் வராவிட்டால்? கயிற்றின் மறுமுனையைப் படகில் முடிச்சுப் போடாமல், ஓர் இழுப்பில் கழன்றுவிடும்படி சுருக்காக மாட்டினார். நுனியில் பழைய ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை மூடி இறுக்கிக் கட்டினார். ஆபத்து என்றால் கயிற்றை அப்படியே விட்டுவிடலாம். கேன் மிதந்து அடையாளம் காட்டும். காற்று அடங்கியதும் வந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் நேரமில்லை என்றால் அறுப்பதற்கு லைஃப் ஜாக்கெட்டிலேயே ஒரு கத்தி.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கொங்கு நாட்டுக்காரர்கள் உடம்பாலேயே அறிந்த விஷயம். அணையின் திறந்த பரப்பில் அந்தக் காற்று எழுப்பும் அலை சின்னப் படகைத் தூக்கிப் போடும். அந்த நேரத்தில் ஆயிரம் ரூபாய் நங்கூரத்தைக் காப்பாற்றப் பார்ப்பவர், தன்னையே கயிற்றில் கட்டிக்கொள்கிறார். பவானிசாகரிலும் இதே கதைதான்; அங்கே தண்ணீருக்கு அடியில் டணாயக்கன்கோட்டையே கிடக்கிறது.

மறுநாள் கரையோரம், இடுப்பளவு தண்ணீரில்தான் ஒத்திகை. மாமனார் பத்துத் தடவை நங்கூரத்தைப் போடச் சொன்னார். பதினைந்து தடவை கயிற்றை உதறிவிடச் சொன்னார்.

"மீன் நாளைக்கும் கிடைக்குமுங் மாப்ளை. நங்கூரம் சந்தையில கிடைக்கும். எம்புள்ளைக்கு நீங்க ஒருத்தர்தானுங்களே" என்றார்.

அதன் பிறகுதான் துடுப்பை எடுத்துக் கொடுத்தார்.