இருபது வருஷம், ஒரே சட்டை

பேஸ்பால் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி: "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" நியாயமான கேள்விதான். மட்டையும் பந்தும் என்றால் நமக்கெல்லாம் கிரிக்கெட்தான். ஆனால் ஐந்தாவது செமஸ்டரில் தொழிலாளர் சந்தை பற்றி ஆளுக்கொரு செமினார் கொடுக்கச் சொன்னார்கள். முந்திக்கொண்டவர்கள் ஐ.டி., வங்கி என்று எடுத்துக்கொண்டு போய்விட, எனக்கு மிஞ்சியது "விளையாட்டு வீரர்களின் ஒப்பந்தங்கள்". செமினார் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதற்காகப் படித்ததில் ஒரே ஒரு ஆள் மட்டும் மண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்.

அவர் பெயர் டோனி க்வின். சான் டியாகோ பாட்ரேஸ் என்ற ஒரே அணிக்காக 1982-லிருந்து 2001 வரை, மொத்தம் இருபது சீசன் ஆடியவர். அமெரிக்காவில் அவரை "மிஸ்டர் பாட்ரே" என்றே கூப்பிட்டார்கள்.

"ஒரே அணிக்கு ஆடினவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே, இதுல என்ன பெரிசு?" என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ஸ்டான் மியூசியல் 22 சீசன் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கே ஆடினார். எர்னி பேங்க்ஸ் 1953-லிருந்து 1971 வரை சிகாகோ கப்ஸை விட்டு நகரவில்லை. பாவம், ஒரு உலகத் தொடரில்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார். இரண்டு பேருமே மகத்தான ஆட்டக்காரர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ரிசர்வ் விதி என்று ஒன்று இருந்தது. வீரரின் ஒப்பந்தம் முடிந்தாலும், அதை நீட்டிக்கும் உரிமை அணி முதலாளிக்குத்தான். முதலாளிகள் அதை "ஆயுள் முழுக்க நீட்டிக்கலாம்" என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். முதலாளி வேறு அணிக்கு விற்கலாம், மாற்றலாம், வீட்டுக்கு அனுப்பலாம். வீரர் மட்டும் தானாக வேறு அணிக்குப் போக முடியாது. 1975 டிசம்பரில், மெஸ்ஸர்ஸ்மித், மெக்னாலி என்ற இரண்டு பந்து வீச்சாளர்கள் தொடர்பான வழக்கில் நடுவர் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இது உடைந்தது. அதற்கப்புறம் ஆறு வருஷம் ஆடி முடித்தவர்கள் சந்தையில் நின்று தன் விலையைக் கேட்கலாம் என்று ஆனது.

கட்டிப்போட்ட மாடு தொழுவத்திலேயே நிற்பதை விசுவாசம் என்று சொல்ல முடியுமா? அவிழ்த்து விட்ட பிறகும் நின்றால்தானே பேச்சு. க்வின் அவிழ்த்து விட்ட காலத்துக்காரர். அதனால்தான் அவர் கணக்கு எனக்கு சுவாரசியமாக இருக்கிறது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் எண்கள் (தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்துவிடலாம்). அங்கே பேட்டிங் ஆவரேஜ் என்பது நம்ம ஊர் ஆவரேஜ் இல்லை. ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் எத்தனை தடவை ஒழுங்காக அடித்து பேஸுக்குப் போய்ச் சேர்கிறாய் என்ற கணக்கு. 300 இருந்தால் நல்ல ஆட்டக்காரர், அதை.300 என்று எழுதுவார்கள். அதாவது பத்தில் ஏழு தடவை தோற்பவனை அங்கே தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். க்வின்னின் இருபது வருஷ சராசரி .338. முதல் வருஷம் மட்டும் .289, அடுத்த பத்தொன்பது வருஷமும்.300-க்குக் கீழே இறங்கவே இல்லை. நேஷனல் லீகின் பேட்டிங் பட்டம் எட்டுத் தடவை. மொத்தம் 3,141 ஹிட். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது, கிட்டத்தட்ட நம்ம ஊர் க்ளீன் போல்டு மாதிரி. அது அவருக்கு இருபது வருஷத்தில் 434 தடவைதான். இப்போதைய பல பேட்ஸ்மேன்கள் மூன்று சீசனில் அதைத் தாண்டிவிடுகிறார்கள். கிரெக் மேடக்ஸ் என்ற ஜாம்பவான் பந்து வீச்சாளரை 107 தடவை எதிர்கொண்டார். ஒரு தடவைகூட ஸ்ட்ரைக் அவுட் ஆகவில்லை!

சரி, கதைக்கு வருவோம். க்வின் சான் டியாகோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் படிக்கும்போது கூடைப்பந்தும் ஆடினார், அதிலும் கெட்டி. 1981 ஜூனில் ஒரே நாளில் இரண்டு அணிகள் அவரைத் தேர்ந்தெடுத்தன: பேஸ்பாலுக்கு சான் டியாகோ பாட்ரேஸ், கூடைப்பந்துக்கு சான் டியாகோ க்ளிப்பர்ஸ். இரண்டும் ஒரே ஊர். அவர் பாட்ரேஸ் பக்கம் போனார். க்ளிப்பர்ஸ் 1984-ல் மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. அணி ஊரை விட்டு ஓடுவதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை, கவனித்தீர்களா? வீரர் போனால் மட்டும்தான் ரசிகர்கள் சட்டையைக் கொளுத்துகிறார்கள்.

1983-ல் அடிபட்டுத் திரும்பிய பிறகு மட்டை சரியாகப் பேசவில்லை. வெளியூர் ஆட்டங்களை டி.வி.யில் வரும்போது வி.சி.ஆரில் பதிவு செய்து வைக்கச் சொல்லி மனைவியிடம் கேட்டார். ஊருக்கு வந்து போட்டுப் பார்த்து, தப்பு எங்கே என்று தானே கண்டுபிடித்தார். அதற்கப்புறம் அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. வெளியூர் போகும்போது வி.சி.ஆரையும் கேசட்டுகளையும் தூக்கிக்கொண்டு திரிந்தார். சக வீரர்கள் "கேப்டன் வீடியோ" என்று கிண்டல் பண்ணினார்கள். இன்றைக்கு வீடியோ அறை இல்லாத அணியே கிடையாது. அவர் மட்டையும் சின்னது. மூன்றாவது பேஸ்காரருக்கு எண் 5, ஷார்ட்ஸ்டாப்புக்கு எண் 6. இருவருக்கும் நடுவில் இருக்கும் சந்தை "5.5 ஓட்டை" என்று சொல்லிக்கொண்டு, இடது கைக்காரரான க்வின் பந்தை அதற்குள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தார். பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புகிறவர்களுக்குத்தான் அங்கே பெரிய காசு. இருபது வருஷத்தில் அவர் அடித்த ஹோம் ரன் 135 மட்டும்.

காசு என்றதும் 1987-ஐச் சொல்ல வேண்டும். அவருடைய பணத்தைப் பார்த்துக்கொண்ட ஏஜென்ட் செய்த குளறுபடியில் கடன் தலைக்கு மேல் ஏறி, அந்த வருஷம் க்வின் திவால் மனு கொடுத்தார். லீகிலேயே சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவர், இருபத்தேழு வயசு, திவால்! அந்த சீசன் அவர் அடித்தது .370, 56 பேஸ் வேறு திருடினார். நான் மலைத்துப்போனது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். பணம் போனால் என்ன ஆகும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்ட ஒருவர், கூடக் கொடுக்கிற இடத்துக்கு ஓடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. க்வின் அதற்கப்புறமும் ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக, சந்தையில் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவான தொகைக்கு அதே ஊரில் கையெழுத்துப் போட்டார். குடும்பம் இந்த ஊரில் இருக்கிறது, எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது... அவ்வளவுதான் அவர் காரணம்.

நம்ம பாஷையில் சொன்னால் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட். எங்கள் பாடப் புத்தகத்தில் விட்டுக்கொடுத்த தொகையைக் கணக்குப் போடச் சொல்லித் தருகிறார்கள். எதற்காக விட்டுக்கொடுத்தான் என்று போட அதில் காலம் கிடையாது.

அணி பதிலுக்கு என்ன செய்தது? 1993-ல் செலவைக் குறைக்கிறோம் என்று பாட்ரேஸ் முதலாளிகள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். ஷெஃபீல்ட் போனார், மெக்ரிஃப் போனார். மிச்சமிருந்தவர்கள் அந்த சீசனில் 101 ஆட்டம் தோற்றார்கள். க்வின் மட்டும் .358. கடையில் சரக்கையெல்லாம் விற்ற பிறகும் ஷட்டர் மேல் ஒட்டியிருக்கும் பழைய பெயர்ப்பலகை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வருஷம்தான் பெரிய கொடுமை. 1941-ல் டெட் வில்லியம்ஸ் .406 அடித்த பிறகு, அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் யாருமே .400 தொட்டதில்லை. 1994 ஆகஸ்டில் க்வின் .394-ல் நிற்கிறார். 419 தடவை மட்டை பிடித்து 165 ஹிட். இன்னும் மூன்றே மூன்று ஹிட் இருந்திருந்தால் .400! ஆகஸ்ட் 12-ம் தேதி வீரர்கள் வேலை நிறுத்தம் தொடங்கியது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகள் நிற்க, முடியாது என்று வீரர்கள் சங்கம் நிற்க, மிச்ச சீசனும் போச்சு, உலகத் தொடரும் போச்சு. தன் பங்குக்குக் குறைவாக வாங்கிக்கொண்டு சும்மா இருந்த மனிதரின் வாழ்நாள் வாய்ப்பு, மற்றவர்களின் சம்பளத் தகராறில் போனது. (நான் வீரர்கள் பக்கம்தான், அது வேறு விஷயம். முதலாளிகள் அத்தனை பேர் சேர்ந்து விலையைக் கட்டுப்படுத்தினால் அதற்கு எங்கள் புத்தகத்தில் வேறு பெயர்.)

எங்கள் அப்பாவும் ஒரே இடத்தில்தான் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறார். ஒரு ஜவுளிக்கடை. இரண்டு தடவை வேறு கடையிலிருந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. பழைய முதலாளி இருந்தவரை தீபாவளிக்குத் துணியும் போனஸும் வீடு தேடி வந்தன. மகன் கைக்குக் கடை மாறியதும் அதெல்லாம் நின்றது. கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவன் அப்பாவைவிட அதிக சம்பளத்தில் வந்து உட்கார்ந்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இப்போது கேம்பஸ் இன்டர்வியூ சமயம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாறாதவன் முட்டாள் என்று கிளாஸில் பாதிப் பேர் சத்தியம் பண்ணுகிறார்கள். அவர்களை மறுத்துப் பேச என்னிடம் எண்கள் இல்லை. எனக்கு முதல் ரவுண்டு அடுத்த வாரம்.

க்வின்னுக்கு வருவோம். 1984-ல் ஒரு தடவை, 1998-ல் ஒரு தடவை, பாட்ரேஸ் உலகத் தொடருக்குப் போனது. இரண்டிலும் தோல்வி. 1998-ல் யாங்கீஸிடம் நான்குக்கு நான்கு ஆட்டமும் தோற்றபோது க்வின் மட்டும் .500 அடித்தார். மூன்றாயிரமாவது ஹிட் 1999 ஆகஸ்ட் 6-ல் வந்தது. அன்று அவர் அம்மாவின் பிறந்த நாள். ஆனால் ஆட்டம் நடந்தது கனடாவில், மாண்ட்ரியலில். இத்தனை வருஷம் காத்திருந்த சொந்த ஊர்க்காரர்கள் டி.வி.யில்தான் பார்த்தார்கள். முதல் பேஸில் நின்ற நடுவர் கெர்வின் டான்லி, க்வின்னோடு கல்லூரியில் ஒன்றாக ஆடியவர். அந்த மாண்ட்ரியல் அணியும் 2005-ல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது, விடுங்கள்.

2000-ம் வருஷம் முழங்கால் அறுவை சிகிச்சையோடு போனது. 36 ஆட்டம்தான் ஆட முடிந்தது. சீசன் முடிந்ததும், ஒப்பந்தத்தில் இருந்த 2001-ம் வருஷ நீட்டிப்பை அணி வேண்டாம் என்றது. பிறகு குறைந்த தொகைக்கு ஒரு வருஷம் மட்டும் பேசி முடித்தார்கள். அதே குளிர்காலத்தில்தான் அலெக்ஸ் ரோட்ரிகஸ் பத்து வருஷத்துக்கு 25.2 கோடி டாலர் வாங்கிக்கொண்டு சியாட்டிலிலிருந்து டெக்சாஸுக்குப் போனார். அக்கவுன்ட்ஸ் மாணவர்களுக்குத் தெரியும்: காசு கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் பேலன்ஸ் ஷீட்டில் காட்டலாம். வருஷக்கணக்காகத் தானே உண்டாக்கிய குட்வில்லுக்கு அங்கே இடம் இல்லை.

ஆனால் கடைசி நாளை யாரோ கதாசிரியர் உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கும். 2001 அக்டோபர் 7, சான் டியாகோவில் க்வின்னின் கடைசி ஆட்டம். அந்த சீசன் பாட்ரேஸ் சட்டையில் ரிக்கி ஹென்டர்சனும் இருந்தார். பேஸ் திருடுவதில் இன்றுவரை சாதனையாளர். தன் ஆட்ட வாழ்க்கையில் ஒன்பது அணிகளுக்கு ஆடியவர். க்வின்னுக்கு நேர் எதிர் ஜாதகம். அன்றைக்கு ஹென்டர்சன் 2,999 ஹிட்டில் நிற்கிறார். க்வின்னின் நாளைக் கெடுக்க வேண்டாம் என்று அவர் உட்காரப் பார்க்க, க்வின்தான் ஆடச் சொன்னார். முதல் பந்திலேயே மூன்றாயிரம். ஒன்பதாவது இன்னிங்ஸில் க்வின் மாற்று ஆட்டக்காரராக மட்டையோடு வந்தார். பந்து அந்த 5.5 ஓட்டைக்குள் போகவில்லை, ஷார்ட்ஸ்டாப்பிடம் போனது. அவுட். அப்புறம் ஊரே எழுந்து நின்றது. ஒன்பது அணி பார்த்தவரும் ஒரே ஊர்க்காரரும் ஆளுக்கு மூவாயிரம் ஹிட்டோடு, ஒரே சட்டையில்!

2007-ல் ஹால் ஆஃப் ஃபேம், நூற்றுக்கு 97.6 பேர் ஓட்டுப் போட்டார்கள். அதே செப்டம்பரில் இன்னொரு கூத்து. அவர் மகன் டோனி க்வின் ஜூனியர் மில்வாக்கி அணியில் இருந்தார். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் பாட்ரேஸ் அடுத்த சுற்றுக்குப் போய்விடும் என்ற நிலையில், மகன் ஒரு ட்ரிப்பிள் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பாட்ரேஸ் அந்த ஆட்டத்தைத் தோற்றது, இரண்டு நாள் கழித்து நடந்த ஒற்றை ஆட்டத்தையும் தோற்று வெளியேறியது. அப்பா என்ன நினைத்திருப்பார்?

ஓய்வுக்கப்புறம் க்வின் வேறெங்கும் போகவில்லை. படித்த அதே சான் டியாகோ ஸ்டேட்டில் பேஸ்பால் பயிற்சியாளர் ஆனார். 2009-ல் முதல் ஆளாகத் தேர்வான ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் அவர் மாணவர்தான். 2010-ல் உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. இளம் வயதிலிருந்தே வாயில் புகையிலை அடக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. மைதானத்தில் பாதிப் பேருக்கு அது இருந்தது. நோய்க்குக் காரணம் அதுதான் என்று அவரே நம்பினார். 2014 ஜூன் 16-ல் இறந்தபோது வயது 54. குடும்பத்தார் 2016-ல் புகையிலை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அது 2022-ல் சமரசமாக முடிந்தது.

2016 கடைசியில் முதலாளிகளும் வீரர்கள் சங்கமும் போட்ட புது ஒப்பந்தத்தில், இனிமேல் மேஜர் லீகுக்குள் புதிதாக வருகிறவர்கள் ஆட்டத்தின்போது வாய்ப் புகையிலை போடக்கூடாது என்று ஒரு விதி சேர்ந்தது. ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு விலக்கு.