எந்த வீட்டுப் பாத்திமா?



உங்கள் தெருவில் பாத்திமா என்ற பெயரில் எத்தனை பேர்? எங்கள் ஒழுங்கையில் நால்வர். ஆனாலும் ஓர் உம்மா தன் வீட்டுக்குள் நின்று "பாத்திமா" என்று கூப்பிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளை ஓடி வருவதில்லை. கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் 'ஸ்கோப்' என்று சொல்வது இதைத்தான். ஒரு பெயர் எந்தச் சுவருக்குள் செல்லுபடியாகும் என்ற எல்லை அது. தொகையையோ பெயரையோ போட்டு வைக்கும் பாத்திரத்தை அவர்கள் 'மாறி' என்பார்கள். ஒரு பகுதிக்குள் பிறந்த மாறி அதற்குள்ளேயே இருக்கும். எல்லாப் பகுதிக்கும் வெளியே, செய்நிரலின் உச்சியில் பிறந்ததையோ யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம்.

அரபு படிப்பிக்கும் மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு விடுதியின் குசினிக் கணக்கை ஒரு மாணவர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக் கொடுத்தார். கெட்டிக்காரப் பிள்ளை. சில நாட்களில் மீன் செலவு கூடிக் காட்டியது. சாமான் வாங்கும் முதியவர் மீது எல்லோருடைய பார்வையும் திரும்பியது. ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. அதுதான் அவரை இன்னும் நோகடித்தது. கடைத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வந்து என் மேசையில் வைத்தார். கூட்டிப் பார்த்தோம். அந்த வாரத்து மீன் 7,500 ரூபாதான். திரையிலோ 25,500!

அந்த மாணவரே இருந்து தேடினார். 'மொத்தம்' என்றொரு மாறியை உச்சியில் வைத்திருந்தார். அரிசிக் கணக்கு அதைப் பூச்சியமாக்கிவிட்டுக் கூட்டியது. மீன் கணக்கில் அந்த வரி இல்லை. ஆகவே அரிசியின் 18,000 மீனோடு சேர்ந்துகொண்டது. காலையில் மீனை முதலில் பார்த்தால் சரியான தொகை, அரிசிக்குப் பின் பார்த்தால் பிழை. சில நாள் சரியாகவும் சில நாள் பிழையாகவும் வந்தது இதனால்தான். இப்படி வந்து போகும் பிழைதான் மனிதர் மேல் பழியைப் போடுகிறது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் 'லெட்' என்று எழுதித் தனித்தனி மொத்தம் வைத்தார், தீர்ந்தது. (இந்த 'லெட்' 2015இல்தான் அம்மொழியின் தரத்தில் சேர்ந்தது.) நிர்வாகத்தினர் முதியவரின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

அப்படியானால் பொதுவாக ஒன்றுமே வேண்டாமா? பற்றுச்சீட்டு இலக்கத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் பணம் வாங்கினாலும் இலக்கம் ஒரே வரிசையில் போக வேண்டும். ஆளுக்கொரு புத்தகம் வைத்தால் 101 இரண்டு தடவை வரும். இதற்குச் சொல்லப்பட்ட வழிதான் 'சிங்கிள்டன்'. எரிக் காமா முதலிய நால்வர் 1994இல் வெளியிட்ட 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலின் 23 முறைகளில் இதுவும் ஒன்று. புதிதாக இன்னொன்றை உண்டாக்கும் வாசலைப் பூட்டிவிட்டு, கேட்பவருக்கெல்லாம் இருக்கும் ஒன்றையே எடுத்துக் கொடுப்பது.

நல்ல யோசனைதான். ஆனால் எந்தப் பகுதியும் எங்கிருந்தும் கேட்கலாம் என்பதால், அடைத்த தெருக்கதவு மறுபடி திறந்துவிடுகிறது. 2009இல் ஒரு நேர்காணலில் காமாவே இந்த முறையைக் கைவிடலாம் என்றார். எழுதியவர் வாயாலேயே அது வந்தது எனக்குப் பிடித்தது. இன்று பலர் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை மட்டும் உண்டாக்கி, பணம் வாங்கும் பகுதியின் கையில் அதைக் கொடுத்துவிடுகிறார்கள். அரிசிக் கணக்குக்கு அப்படியொரு புத்தகம் இருப்பதே தெரியாது.