யாருக்காகக் கேட்கிறேன்?

வானொலியில் சில விநாடி மௌனம் வந்தாலே எங்களுக்குப் பதற்றம். உடனே ஒரு பாட்டு, இல்லையென்றால் ஒரு பேச்சு. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதோ என்று அடிக்கடி நினைப்பதுண்டு.

என் கணவர் விடியுமுன்பே ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். “பாலம் தாண்டியாச்சா?”, “சாப்பிட்டீங்களா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருப்பேன். பதில் வரத் தாமதமானால் வேலையே ஓடாது.

“நான் சாப்பிட்டேனான்னு கேக்குறியா, உன்னை நினைச்சேனான்னு கேக்குறியா?” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்.

இரண்டும்தான். பாதி அக்கறை, மீதி, மறந்துவிடுவாரோ என்ற பயம்.

குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பு போன்ற ஒன்று பெரியவர்களின் காதலிலும் உண்டு என்று ஹசான், ஷேவர் என்ற உளவியலாளர்கள் 1987இல் எழுதினார்கள். சிலர் நிம்மதியாக இருப்பார்கள், சிலர் விலகி நிற்பார்கள், சிலர் நெருக்கம் போய்விடுமோ என்று தவிப்பார்கள். நான் மூன்றாவது ரகம்.

பயப்படுவதில் தவறில்லை. ஆனால் அக்கறை என்ற பெயரில் அதை அனுப்பினால், எதற்குப் பதில் சொல்வதென்று அவருக்குத் தெரியாது. அதனால் இப்போதெல்லாம், “இன்னிக்கு மனசு சரியில்லைங்க, கொஞ்சம் பேசணும்” என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஐந்து நிமிடம் பேசுகிறார். அது போதுமாக இருக்கிறது.