பொழுது சாயுமுன்

எங்கள் வீட்டில், கணக்கு நோட்டின் தலைப்பில் ‘சே. ம. சூ.’ என்று எழுதாமல் அம்மா எந்தக் கணக்கையும் தொடங்கியதில்லை. சேசு, மரி, சூசை என்னும் திருக்குடும்பத்தின் பெயர்களுக்குக் கீழே அரிசி, பருப்பு, கோயில் வரி என்று அன்றாடச் செலவுகள் வரிசையாக நிற்கும். சென்னையில் வேலை கிடைத்து நான் புறப்பட்ட நாளில், புதிய நோட்டு ஒன்றில் அந்த மூன்று எழுத்துகளையும் தம் கையாலேயே எழுதி என் பெட்டிக்குள் வைத்தார். “ராத்திரி செபம் சொல்லி முடிச்சதும் அன்னைக்குச் செலவை எழுதிரு. ரெண்டும் ஒரே வேலைதான்” என்றார். செபமும் செலவுக் கணக்கும் எப்படி ஒரே வேலையாகும் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

அடையாற்றில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி வேலைக்குச் சென்று வருகிறேன். ஆறு நாளும் அலுவலகத்தோடு போய்விடும். ஞாயிறு மாலை ஒன்றே எனக்கென்று அமைந்த பொழுது. பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் திருப்பலி. அதன்பின் தோழியுடன் எலியட்ஸ் கடற்கரையில் சிறிது நடை. கடலில் தத்தளித்தோரைக் காக்க முயன்று 1930ஆம் ஆண்டில் உயிர்நீத்த டென்மார்க் நாட்டவர் ஷ்மிட்டின் வெண்ணிற நினைவுச் சின்னம் வரை நடப்போம். மணலில் அமர்ந்து சுண்டலோ சுட்ட சோளமோ வாங்கித் தின்போம். இரவில் விடுதிக்குத் திரும்பி, நோட்டை விரித்து எழுதுவேன்.

தவக்காலத்தின் ஒரு ஞாயிறன்று நான் எழுதிய கணக்கு இது: பேருந்து 0 (2021ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை அல்லவா!), மெழுகுதிரி 20, காணிக்கை 20, பூ 60, சுண்டல் 30, காப்பி 180.

இந்தப் பட்டியலில் பூவின் கதையைத்தான் சொல்ல விழைகிறேன்.

கோயிலுக்குச் செல்லும் வழியில் ஒரு மூதாட்டி கூடையுடன் அமர்ந்திருப்பார். அன்று மல்லிகை முழம் 35 ரூபாய் என்றார். இரண்டு முழத்தை 60 ரூபாய்க்குத் தருமாறு வற்புறுத்தினேன். “கோயம்பேட்டுலயே வெல ஏறிடுச்சு கண்ணு” என்று முனகியபடியே அளந்து கொடுத்தார். குறைத்து வாங்கிய 10 ரூபாயை, அறையில் வைத்திருந்த தவக்கால உண்டியலில் போட வேண்டும் என்று அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டேன். ஏழைகளுக்கான உண்டியல் அது!

பணத்தைக் கைபேசி வழியாகச் செலுத்தினேன். கூடையோரம் சாய்த்து வைத்திருந்த அட்டையில் அவர் பேரனுடைய கணக்கின் குறியீடு இருந்தது. பணம் வந்ததைக் குரல் கொடுத்து அறிவிக்கும் பெட்டி அவரிடம் இல்லை. பேரன் வீட்டில் பார்த்துச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். என் கைபேசித் திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. கோயிலில் மணி அடித்துவிட்டது. தோழி அவசரப்படுத்தினாள். “போயிருச்சு பாட்டி” என்று சொல்லிவிட்டு நடந்தேன். “சரி கண்ணு” என்றார் அவர். திரையைப் பார்க்கவும் கேட்கவில்லை.

திருப்பலிக்குப் பின் வழக்கம்போல் கடற்கரை. பிறகு குளிரூட்டப்பட்ட கடையில் காப்பி. 180 ரூபாய் என்று அச்சிட்ட சீட்டை நீட்டினார்கள். குறைத்துத் தருமாறு கேட்க என் நாவு எழவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைவே எழவில்லை என்பதுதான் உண்மை.

இரவு கணக்கை எழுதி முடித்தபோது வங்கியிலிருந்து செய்தி வந்தது: பூவுக்குச் செலுத்திய பணம் போய்ச் சேரவில்லை, 60 ரூபாய் என் கணக்கிற்கே திரும்பிவிட்டது. அப்போது நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘பூ 60’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘மிச்சம் 60’ என்று எழுதினேன். சிறிது நேரத்தில் மனம் உறுத்தியது. உடனே 60 ரூபாயை எடுத்துத் தவக்கால உண்டியலில் போட்டேன். எப்படியும் ஓர் ஏழைக்குத்தானே போகிறது என்று மனம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு, பூக்கூடை இருக்கும் பக்கம் போகாமல் வேறு வழியாகக் கோயிலுக்குள் நுழைந்தேன். 60 ரூபாய் கையில் இருந்தும் கால்கள் சுற்றிப்போயின. கடன்பட்டிருப்பதைவிட, பொய் சொன்ன முகத்தைக் காட்டுவதுதான் கடினமாக இருந்தது.

அன்றிரவு ஆன்ம சோதனை செய்ய அமர்ந்தபோது அம்மாவின் சொல் நினைவுக்கு வந்தது. புனித இஞ்ஞாசியார், 1548ஆம் ஆண்டில் அச்சான தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், கோடுகள் வரைந்து, ஒரு குறையில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைத்து, ஒரு நாளை மற்றொரு நாளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். ஆன்ம சோதனைக்கும் ஒரு கணக்கு நோட்டு உண்டு! என் நோட்டில் ‘மிச்சம் 60’ என்ற வரி அத்தகைய புள்ளியாகவே என் கண்ணில் பட்டது.

கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் பணிக்கிறது. அவர் ஏழை, அதை நம்பியே இருப்பவர் என்று காரணமும் கூறுகிறது. பூ விற்பவரின் நிலையும் அதுதானே? விற்காத மல்லிகை மறுநாளைக்கு உதவாது. அன்றைய முதலை அன்றைக்கே எடுத்தால்தான் மறுநாள் கூடை நிறையும். அவருக்குச் சேர வேண்டியதை நான் ‘ஏழைகளுக்கு’ அளித்திருந்தேன். பிறர் பணத்தை எடுத்துத் தருமம் செய்வது தருமமாகுமா? பொருள் வாங்குவது வெறும் பொருளாதாரச் செயல் அன்று, அது அறத்தோடும் சேர்ந்தது எனத் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2009ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நினைவூட்டினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் அதை மீண்டும் எடுத்துரைத்தார். பெரிய நிறுவனங்களுக்கு உரிய பாடம் என்று இதுவரை நினைத்திருந்தேன். இரண்டு முழம் பூவுக்கும் அது பொருந்தும் என்று எண்ணியதில்லை.

மூன்றாம் ஞாயிறு, நேரே அவரிடம் சென்றேன். “பாட்டி, அன்னைக்குப் பணம் வரலை. போயிருச்சுன்னு பொய் சொல்லிட்டேன்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “பேரன் அன்னைக்கே சொன்னான். தண்டல்காரனுக்கு வேற ஒருத்தி கிட்ட மாத்தி வாங்கிக் கட்டுனேன்” என்றார். குரலில் கோபம் இல்லை, ஆறுதலும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

100 ரூபாய்த் தாளை நீட்டி, “முழுசா வச்சுக்கோங்க பாட்டி” என்றேன். அவர் சுருக்குப்பையை அவிழ்த்து 40 ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார். நான் தயங்கி நிற்பதைக் கண்டு, “பேசுனது அறுபது. அதக் குடுத்தா போதும்” என்றார்.

அந்த 40 ரூபாய் என் உள்ளங்கையில் கனத்தது. தருமம் செய்து என் மனத்தை ஆற்றிக்கொள்ள நினைத்தேன். அவர் கேட்டதோ நீதி மட்டுமே. அதைத்தான் நான் இரண்டு வாரமாக நிறுத்தி வைத்திருந்தேன்.

அன்பர்களே, உண்டியலில் இடுவதற்கு முன், நம்மிடம் பொழுது சாய்ந்தும் தங்கிவிட்ட பிறர் பணம் ஏதேனும் உண்டா என ஒருமுறை பார்ப்போமா? வீட்டு வேலை செய்பவரின் கூலியாக இருக்கலாம். சலவைக்காரருக்கு ‘நாளை தருகிறேன்’ என்ற சில்லறையாக இருக்கலாம். தொகை சிறியது என்பது நமக்குத்தான்.

இப்போதெல்லாம் ஞாயிறன்று பணப்பையில் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் வைத்துக்கொள்கிறேன். பூவின் விலையைப் பேசிக் குறைப்பதில்லை. இரவில் ‘சே. ம. சூ.’ என்ற எழுத்துகளுக்குக் கீழே அன்றைய செலவை எழுதும்போது, அம்மா சொன்ன அந்த ஒரே வேலையைத்தான் செய்கிறேன் என்று தெரிகிறது.